பிறபொருளெதிரி எப்படி உருவாகிறது: கலங்கள் அனுப்பும் சேதிகளின் கதை

கீழ் வீட்டு அக்கா ஓர் இரவு ஒன்பது மணிக்கு வந்து கதவைத் தட்டினார். கையில் மகனுடைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். வெள்ளவத்தையில் மழை விட்டு இரண்டு கிழமை ஆகியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீட்டில் டெங்கு.

"ரீச்சர், ஐஜிஎம், ஐஜிஜி ரெண்டுமே பொசிட்டிவ் எண்டு வந்திருக்கு. அப்ப தம்பிக்கு நல்ல எதிர்ப்புச் சக்தி இருக்கெண்டுதானே அர்த்தம்?"

அவர் முகத்தில் ஒரு நிம்மதி. காய்ச்சலும் அன்று பின்னேரம் விட்டுவிட்டதாம். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிப்பவள், வைத்தியர் அல்ல. ஆனாலும் அந்த நிம்மதியைக் கலைக்கத்தான் வேண்டியிருந்தது. ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் கிருமிக்கு எதிராக உடல் செய்யும் அன்ரிபொடி வகைகள். முதல் தடவை தொற்றில் ஐஜிஜி பிந்தித்தான் வரும். காய்ச்சல் தொடங்கி நாலாம் நாளிலேயே ஐஜிஜியும் சேர்ந்து வந்தால், பிள்ளைக்கு இது இரண்டாம் தடவை டெங்குவாக இருக்கலாம். அதோடு, டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டிய நேரம். இப்போதே டொக்டரிடம் காட்டுங்கோ என்றேன். இரவே கூட்டிப்போனார்கள். தம்பி நாலு நாள் வாட்டில் இருந்து சுகமாக வீடு திரும்பினான்.

அக்காவின் கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. அவர் மட்டுமா அப்படி நினைக்கிறார்? காலி வீதியில் எந்தப் பார்மசியில் நின்றாலும் "இமியூனிட்டி கூட்ட ஏதும் இருக்கா?" என்று யாரோ கேட்பது காதில் விழும். எதிர்ப்புச் சக்தியை மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி போலவே நாங்கள் நினைத்து வைத்திருக்கிறோம்: நிரம்பினால் நல்லது, குறைந்தால் ஆபத்து, கொத்தமல்லி அவித்துக் குடித்தால் கொஞ்சம் ஏறும். உடலுக்குள் அப்படி ஒரு தாங்கி இல்லை. அங்கே இருப்பது கோடிக்கணக்கான கலங்களும் அவை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதிகளும். எந்தக் கலம் எதுவாக வளர வேண்டும், எப்போது ஆயுதம் செய்ய வேண்டும், எந்த வகை ஆயுதம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சேதிகள்தான் தீர்மானிக்கின்றன. அவற்றைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இந்தியத் தமிழில் செல் என்று எழுதுவதை எங்கள் பாடப்புத்தகங்கள் கலம் என்கின்றன. ரிப்போர்ட்டில் அன்ரிபொடி என்று வருவது பிறபொருளெதிரி: வெளியிலிருந்து வந்த கிருமியின் ஒரு பகுதியைக் கவ்விப் பிடிக்கும் புரதம். இந்த இரண்டும் தெரிந்தால் தொடங்கலாம்.

கோட்டை ரயில் நிலையத்தில் ஓர் அறிவிப்பு

கொழும்புக் கோட்டை நிலையத்தில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வருகிறது. நிலையத்தில் உள்ள எல்லாருடைய காதிலும் அது விழுகிறது, ஆனால் எல்லாரும் ஓடுவதில்லை. மாத்தறை ரயில் என்றால் மாத்தறைப் பக்கம் போகிறவர்கள் எழும்புகிறார்கள். யாழ்ப்பாணம் போக வந்தவர் பையை மடியில் வைத்தபடி இருக்கிறார். அந்த மொழியே தெரியாதவருக்கு அது வெறும் சத்தம்.

சரி, கேட்டவர்களாவது ஒரே வேலையைச் செய்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. "மாத்தறை ரயில் மூன்றாம் மேடைக்கு வருகிறது" என்றதும் பயணி மேடைக்கு ஓடுகிறார், வடை விற்கிறவர் கூடையைத் தூக்குகிறார், கொடி காட்டுபவர் தன் இடத்துக்குப் போகிறார். ஒரே சேதி, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து வேறு வேறு வேலை.

எங்கள் உடலில் இந்த அறிவிப்பு வேலையைச் செய்யும் சிறிய புரதங்களுக்குச் சைற்றோகைன் என்று பெயர். ஒரு கலம் அதை வெளியே விடும். இன்னொரு கலம் அதைப் பெற்றுக்கொண்டு தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். பெற்றுக்கொள்ள அந்தக் கலத்தின் மேற்பரப்பில் பொருத்தமான ஓர் அமைப்பு இருக்க வேண்டும். அதை வாங்கி என்கிறோம். ரயில் நிலையத்தில் மொழி தெரிந்திருப்பது எப்படியோ, கலத்துக்கு வாங்கி இருப்பது அப்படி. வாங்கி இல்லாத கலத்தைச் சுற்றி எவ்வளவு சைற்றோகைன் மிதந்தாலும் அதற்கு ஒன்றும் விளங்காது.

ரயில் நிலைய உவமை ஓரிடத்தில் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான சைற்றோகைன்கள் ஒலிபெருக்கி போல ஊர் முழுக்கக் கேட்பவை அல்ல. பக்கத்தில் நிற்பவரின் காதில் சொல்வது போல, அருகிலுள்ள கலங்களுக்குத்தான் அவை எட்டும். சில சேதிகள் மிதப்பதுகூட இல்லை. அனுப்பும் கலத்தின் மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கும், பெறும் கலம் வந்து தொட்டால்தான் சேரும். கைபிடித்துச் சொல்லும் சேதி என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது முக்கியமாகும்.

காய்ச்சல் வரும்போது மட்டும் சில சைற்றோகைன்கள் இரத்தத்தில் கலந்து தூரமும் போகும். மூளையில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பகுதி வரை அந்தச் சேதி எட்டும்போதுதான் உடம்பு சுடுகிறது. கிருமி எங்களைச் சூடாக்குவதாக நினைக்கிறோம், உண்மையில் உடலே தன் அடுப்பைக் கூட்டிவைக்கிறது. ஈரலுக்கும் அப்படி ஒரு சேதி போகும். இன்ரர்லூக்கின் 6 என்ற சைற்றோகைன் ஈரலை எட்டினால் ஈரல் சிஆர்பி என்ற புரதத்தைச் செய்யத் தொடங்கும். காய்ச்சலோடு போனால் டொக்டர் எழுதித் தருகிறாரே ஒரு சிஆர்பி பரிசோதனை, அது இந்தச் சேதியின் எதிரொலியைத்தான் அளக்கிறது.

1957இல் ஒரு திரவம்

சேதிப் புரதங்கள் இருப்பது எப்படித் தெரியவந்தது? 1957இல் லண்டனில் அலிக் ஐசாக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்ற இருவர், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரஸைக் கோழி முட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டு, அவை கிடந்த திரவத்தை மட்டும் புதிய துண்டுகளில் விட்டார்கள். புதிய துண்டுகளில் உயிருள்ள வைரஸ் சரியாகப் பெருக முடியவில்லை. முதல் துண்டுகள் எதையோ திரவத்தில் விட்டிருக்கின்றன, அது அடுத்த துண்டுகளை உஷார்ப்படுத்தியிருக்கிறது! வைரஸின் வேலையில் குறுக்கிட்ட அந்தப் பொருளுக்கு இன்ரர்பெரோன் என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. கலங்கள் தனித்தனியாகப் போராடவில்லை, அடிபட்ட கலம் அயலவருக்குச் சொல்லிவிட்டுத்தான் சாகிறது என்பதை ஒரு கோப்பைத் திரவம் காட்டியது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட புரதங்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்பம் கூடியதால், 1979இல் வெண்குருதிக் கலங்களுக்கிடையே பேசும் சேதிகளுக்கு இன்ரர்லூக்கின் என்ற பொதுப்பெயரும் எண்ணும் கொடுப்பதென்று முடிவாயிற்று. எண்களைப் பாடமாக்க வேண்டாம். இந்தக் கட்டுரைக்கு நாலைந்து போதும்.

வாசலில் மணி, உள்ளே சமையற்குறிப்பு

சேதி கலத்துக்குள் என்ன செய்கிறது? தொடர்மாடி வீட்டுக்குப் பார்சல் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்தவர் மேலே ஏறுவதில்லை. கீழே காவலாளியிடம் சொல்கிறார், காவலாளி வீட்டுக்கு அழைக்கிறார், வீட்டிலிருந்து ஒருவர் எழும்பி வந்து வேலையைப் பார்க்கிறார்.

சைற்றோகைனும் உள்ளே போய் வேலை செய்வதில்லை. அது வாங்கியில் வந்து பொருந்தியதும் வாங்கியின் பாகங்கள் நெருங்கி வருகின்றன. வாங்கியின் உட்பக்கத்தில் காத்திருக்கும் ஒரு நொதியம் விழித்துக்கொள்கிறது, அதுதான் காவலாளி. அது கலத்துக்குள் சும்மா கிடக்கும் ஒரு தூதுப் புரதத்தின் மேல் ஒரு சிறிய இரசாயன அடையாளத்தை ஒட்டுகிறது. அடையாளம் பெற்ற தூதர்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கருவுக்குள் ஓடுகின்றன. கருவில் டிஎன்ஏ என்ற பெரிய சமையற்குறிப்புப் புத்தகம் இருக்கிறது. தூதர் போய் எந்தப் பக்கத்தைத் திறக்கிறாரோ அந்தப் புரதத்தைக் கலம் சமைக்கத் தொடங்கும்.

எல்லாக் கலத்திலும் புத்தகம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கலமும் தனக்குத் தேவையில்லாத பக்கங்களை ஒட்டி மூடி வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரே தூதர் ஈரலில் ஒரு பக்கத்தையும், வெண்குருதிக் கலத்தில் வேறொரு பக்கத்தையும் திறக்கிறார். கோட்டை நிலையத்தில் பயணியும் வடைக்காரரும் வேறு வேறு வேலை செய்தது போல.

இதுவரை பார்த்தது: சைற்றோகைன் ஒரு சேதி, வாங்கி உள்ள கலத்துக்கே அது விளங்கும், விளங்கியதும் கலம் தன் குறிப்புப் புத்தகத்தில் புதிய பக்கம் ஒன்றைத் திறக்கும்.

என்பு மச்சையில் "சாகாதே" என்று ஒரு சேதி

இரத்தத்திலுள்ள கலங்கள் எல்லாம் என்பு மச்சையில், அதாவது எலும்புக்குள் இருக்கும் மென்மையான பகுதியில், ஒரே வகைத் தாய்க்கலத்திலிருந்து வருகின்றன. ஓ லெவல் எழுதி முடித்த பிள்ளை போல அந்தத் தாய்க்கலம். எந்தப் பிரிவுக்கும் போகலாம். செங்குருதிக் கலமாகலாம், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டை உண்டாக்கும் கலமாகலாம், கிருமியை விழுங்கும் கலமாகலாம், அல்லது எங்கள் கதைக்கு வேண்டிய பீ-கலமும் ரி-கலமும் ஆகலாம். பீ-கலம்தான் பிறபொருளெதிரியைச் செய்யும் வம்சம். ரி-கலங்களில் ஒரு பிரிவு பீ-கலத்துக்கு அனுமதி கொடுக்கும் மேற்பார்வையாளர். என்பு மச்சையில் பிறந்து, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியில் பயிற்சி பெறுவதால் அதற்கு ரி-கலம் என்று பெயர் வந்தது.

பிரிவைத் தெரிவுசெய்வதில் சேதிகளின் பங்கு என்ன? இதிலே ஒரு விசயம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. வளரும் இந்தக் கலங்களின் இயல்பான முடிவு சாவுதான். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அவை தாமாகவே மடிந்துவிடும். ஆகவே பல சைற்றோகைன்கள் சொல்லும் முதல் சேதி "இதைச் செய்" என்பது அல்ல. "சாகாதே, பெருகு" என்பதுதான். இன்ரர்லூக்கின் 7 இப்படித்தான் வளரும் ரி-கலங்களை உயிரோடு வைத்திருக்கிறது. பீ-கலத்துக்கு, அது என்பு மச்சையை விட்டு வெளியே வந்த பிறகு, பாவ் என்ற இன்னொரு புரதம் அதே வேலையைச் செய்கிறது. சேதி நின்றால் கலமும் மடிந்துவிடும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பீ-கலமும் தன் கவ்வும் பகுதியைக் குருட்டாம்போக்கில் உருவாக்கிக்கொள்கிறது. எதிர்காலத்தில் எந்தக் கிருமி வரும் என்று தெரியாததால் உடல் எல்லா வடிவத்திலும் சிலவற்றைச் செய்துவைக்கிறது. அவற்றில் சில எங்கள் சொந்த உடலையே கவ்வும். அப்படிப்பட்டவற்றை வாழ விடக்கூடாது. "சாகாதே" என்ற சேதி கட்டுப்பாட்டோடு கிடைக்க வேண்டும். பாவ் அளவுக்கு மிஞ்சினால் செத்திருக்க வேண்டிய பீ-கலங்களும் பிழைத்துக்கொள்ளும். லூப்பஸ் என்ற நோயில் உடல் தன் சொந்தப் பாகங்களுக்கு எதிராகவே பிறபொருளெதிரி செய்கிறது. பாவைத் தடுக்கும் மருந்தொன்று அந்த நோய்க்காக 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே சிகிச்சை என்பது சேதியைக் கூட்டுவது அல்ல, குறைப்பது.

பிளாஸ்டிக் கூண்டுக்குள் ஒரு பிள்ளை

சேதி கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு பிள்ளையின் வாழ்க்கை உலகத்துக்குக் காட்டியது. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்த டேவிட் வெட்டர், பிறந்த உடனேயே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூண்டுக்குள் வைக்கப்பட்டான். மூத்த சகோதரன் ஒருவன், கிருமிகளை எதிர்க்க முடியாத இதே பிறவி நோயால் கைக்குழந்தையாகவே இறந்திருந்தான். டேவிட் தன் 12 வயதுவரை பெரும்பாலும் அந்தக் கூண்டுக்குள்தான் வாழ்ந்தான். கூண்டுக்குள் இருந்தவரை கையுறை இல்லாத ஒரு கை அவனைத் தொட்டதில்லை. டேவிட்டின் சொந்த அக்காவின் என்பு மச்சையை அவனுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அதில் மறைந்திருந்த ஒரு வைரஸ் அவனுக்குள் பெருகியது. 1984 பெப்ரவரியில் இறந்தான்.

காரணம் 1993இல்தான் தெளிவானது. இந்த நோயில் பழுதாவது ஒரு வாங்கியின் ஒரேயொரு பாகம். ஆனால் அந்தப் பாகத்தை ஆறு வெவ்வேறு இன்ரர்லூக்கின்களின் வாங்கிகள் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. ஒன்று உடைந்தால் ஆறு சேதிகளுக்கும் காது கேட்காது. இன்ரர்லூக்கின் 7 கேட்காததால் ரி-கலங்கள் வளரவில்லை.

மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதற்கு அடுத்த விசயத்தை. இந்த நோயுள்ள பிள்ளைகளிடம் பீ-கலங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் குறைவில்லை. ஆனாலும் பயனுள்ள பிறபொருளெதிரிகள் உருவாவதில்லை. ஆயுதம் செய்பவர் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். செய் என்று சொல்ல ஆளில்லை, சொன்னாலும் கேட்கக் காதில்லை. எதிர்ப்புச் சக்தியைத் தாங்கியில் உள்ள தண்ணீராக எண்ணுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கலங்களின் எண்ணிக்கை இருந்தும் பாதுகாப்பு இல்லை.

நெறி கட்டும்போது உள்ளே நடப்பது

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். தொண்டை நோவுக்குத் தாடைக்குக் கீழே கட்டும். வீங்குவது நிணநீர்க் கணு: உடலெங்கும் பரவிக்கிடக்கும், சிறிய அவரை விதை போன்ற ஓர் உறுப்பு. பீ-கலமும் ரி-கலமும் சந்திக்கும் சந்தை அது. புறக்கோட்டையில் பொருளும் ஆளும் வந்து குவிவது போல, கிருமியின் துண்டுகளும் கலங்களும் அங்கே வந்து சேர்கின்றன.

தனக்குப் பொருந்தும் கிருமித்துண்டைக் கவ்விய பீ-கலம் உடனே ஆயுதத் தொழிற்சாலை ஆகிவிடுவதில்லை. கவ்வியதை விழுங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் வைத்துக்கொண்டு ரி-கலத்திடம் போய் நிற்கிறது. அதே கிருமியை அடையாளம் கண்ட ரி-கலம் அகப்பட்டால்தான் மேற்கொண்டு காரியம். இரண்டு கையெழுத்து இல்லாமல் வங்கியில் பெரிய காசோலை மாறாது அல்லவா, அது மாதிரி. இரண்டு கலமும் தனித்தனியாக ஒரே எதிரியைக் கண்டுகொண்டிருக்க வேண்டும். சொந்த உடலைத் தவறாகத் தாக்காதிருக்க இது பெரிய காவல்.

ரி-கலம் இரண்டு விதமாக அனுமதி கொடுக்கிறது. ஒன்று, நான் முன்பு சொன்ன கைபிடித்துச் சொல்லும் சேதி. இன்னொன்று, மிகக் கிட்டத்தில் விடும் சைற்றோகைன்கள். அவற்றில் இன்ரர்லூக்கின் 21 முக்கியமானது. இரண்டும் கிடைத்த பீ-கலம் பெருகத் தொடங்குகிறது. பெருகும்போது தன் கவ்வும் பகுதிக்குரிய மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துப்பிழை விடுகிறது. சாதாரண கலத்தில் நடப்பதைவிடப் பத்து இலட்சம் மடங்கு வேகத்தில்! பெரும்பாலான பிழைகள் கவ்வலைக் கெடுக்கும். ஒன்றிரண்டு அதை இறுக்கும். இறுக்கமாகக் கவ்வும் கலத்துக்குக் கிருமித்துண்டு கூடக் கிடைக்கும், அதனால் ரி-கலத்தின் கவனமும் கூடக் கிடைக்கும், "சாகாதே" சேதியும் கிடைக்கும். மற்றவை மடியும். இது பல நாட்கள், கிழமைகள் தொடர்கிறது. நெறி கட்டி நோகும்போது உள்ளே இப்படியொரு பரீட்சை நடந்துகொண்டிருக்கக்கூடும் என்று நினைத்தால் அந்த நோவு வேறு மாதிரித் தெரியும்.

ஐஜிஎம் எப்படி ஐஜிஜி ஆகிறது

இப்போது அக்காவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். பிறபொருளெதிரிக்கு இரண்டு பகுதி. முன்பக்கம் கிருமியைக் கவ்வும். பின்பக்கம், வால் என்று சொல்லுங்கள், அது உடலில் எங்கே போகும், யாரைக் கூப்பிடும், எவ்வளவு காலம் நிற்கும் என்பதை முடிவுசெய்யும். வீட்டில் ஒட்டடை அடிக்கிற தும்புக்கு நீளக்கம்பு போடுகிறோம், மூலை முடுக்கு கூட்டக் குட்டைப் பிடி போடுகிறோம். தும்பு ஒன்றுதான், பிடி மாறுகிறது. இங்கும் கவ்வும் முன்பக்கம் அப்படியே இருக்க, வால் மட்டும் மாறும்.

முதலில் வருவது ஐஜிஎம். ஐந்து பிறபொருளெதிரிகள் ஒன்றாகக் கட்டிய பெரிய உரு, அவசரத்துக்கு உதவும். பிறகு பீ-கலம் வாலை மாற்றிக்கொண்டு ஐஜிஜி செய்யத் தொடங்கும். ஐஜிஜி திசுக்களுக்குள் நுழையும், தாயிடமிருந்து கருவிலுள்ள பிள்ளைக்கும் கடக்கும். குடல், மூச்சுக்குழாய், தாய்ப்பால் ஆகியவற்றில் காவலுக்கு நிற்பது ஐஜிஏ. புழுக்களுக்கு எதிராக வந்து, பலருக்கு ஒவ்வாமைத் தொல்லையாகவும் மாறியது ஐஜிஈ.

எந்த வால் என்று பீ-கலம் தானாக முடிவெடுப்பதில்லை. இன்ரர்லூக்கின் 4 வந்தால் ஐஜிஈ பக்கம் திரும்பும். ரிஜிஎப்-பீற்றா என்ற சைற்றோகைன் வந்தால் ஐஜிஏ பக்கம் திரும்பும். எதற்கும் முன்பு ரி-கலம் கைபிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கைபிடிப் புரதம் பழுதாகப் பிறக்கும் ஆண்பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய இரத்தத்தில் ஐஜிஎம் வழமையான அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். ஐஜிஜியும் ஐஜிஏயும் மிகக் குறைவு. அடிக்கடி கடுமையான தொற்று. ஐஜிஎம்மிலிருந்து ஐஜிஜிக்குப் போகும் பாலத்தை ஒரு சேதி தாங்கி நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

சுருக்கமாக: பீ-கலம் கவ்வுகிறது, ரி-கலம் உறுதிசெய்கிறது, சேதிகளின் கலவை வாலின் வகையை முடிவுசெய்கிறது, இதற்கெல்லாம் நாட்கள் எடுக்கும். முதல் தடவை தொற்று வரும்போது ஐஜிஜி பிந்தி வருவதற்குக் காரணம் இந்த நடைமுறைதான். காய்ச்சலின் ஆரம்ப நாட்களிலேயே ஐஜிஜி நிறைய இருந்தால், உடல் இதே மாதிரி ஒன்றை முன்பே கண்டு, வாலை மாற்றி முடித்த பீ-கலங்களை நினைவுக்கலங்களாக வைத்திருந்திருக்கிறது என்று அர்த்தம்.

நினைவு இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். பல நோய்களில் ஆம். டெங்கு வைரஸில் நாலு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்களுக்குமேல் நம்பிக்கொண்டிருக்க முடியாது. அடுத்த வகை வரும்போது பழைய பிறபொருளெதிரி அதைக் கவ்வும், ஆனால் செயலிழக்கச் செய்யும் அளவுக்குப் பொருந்தாமல் போகலாம். வாலைப் பிடித்து உள்ளே எடுக்கும் வெண்குருதிக் கலங்கள் கிருமியையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொள்ளும். வைரஸுக்கு அது திறந்த கதவு. தொற்றுண்ட கலங்கள் பெருகப் பெருக, சைற்றோகைன்களும் கூடும். இரத்தக்குழாய்ச் சுவர்களின் இறுக்கம் தளர்ந்து, இரத்தத்தின் திரவப்பகுதி வெளியே கசியும். வைத்தியர்கள் பயப்படுவது அதற்குத்தான். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு என்று பதிவானபோது, அதில் ஆகக்கூடிய பங்கு கொழும்பு மாவட்டத்தினுடையது. பப்பாசி இலைச் சாறு குடித்தால் சிறுதட்டு ஏறும் என்ற பேச்சில் எல்லாரும் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கசிவைப் பார்த்து, குடிக்கும் நீரையும் போகும் சிறுநீரையும் கணக்கு வைத்த வாட்டுத் தாதிமார்தான் உயிர்களைக் காத்தார்கள்.

"கூட்டுங்கள்" என்று கேட்பவர்களுக்கு

எதிர்ப்புச் சக்தியை ஒரேயடியாகக் கூட்டினால் என்ன நடக்கும்? 2006 மார்ச்சில் லண்டனில் ஒரு புதிய மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரட்டைக் கையெழுத்து முறையைத் தாண்டி, ரி-கலங்களை நேரடியாகத் தட்டியெழுப்பும் மருந்து அது. நோயைக் குறைக்கவேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு செய்தது. விலங்குகளில் ஆபத்தில்லை என்று கண்ட அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆறுபேருக்கும் தலைவலி, நடுக்கம், காய்ச்சல். பிறகு சிறுநீரகமும் நுரையீரலும் தளரத் தொடங்கின. ரி-கலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தமிட்டதால் வந்த சைற்றோகைன் புயல் அது. ஆறுபேரும் தீவிர சிகிச்சையில் இருந்து உயிர் பிழைத்தார்கள்.

கிருமி ஒன்றும் உள்ளே போகவில்லை. சேதி மட்டும்தான் கூடியது.

குறைப்பதும் இலேசான காரியமல்ல. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஒருவகை மருந்து ரிஎன்எப் என்ற சைற்றோகைனை மறிக்கிறது. மூட்டு வீக்கம் வற்றும். ஆனால் அதே ரிஎன்எப்தான் நுரையீரலில் பழைய காசநோய்க் கிருமிகளைச் சுற்றிச் சுவர்கட்டி அடைத்து வைத்திருக்கிறது. சேதி நின்றால் சுவர் தளர்ந்து கிருமி எழும்பலாம். அதனால்தான் மருந்து தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பீனிசத்தோடும் தோல் கடியோடும் வருடக்கணக்காக அவதிப்படுபவர்களை எனக்குத் தெரியும். கொழும்பின் ஈரக்காற்றில் தூசுப்பூச்சிக்குக் குறைவில்லை. அவர்களில் பலரிடம் நடப்பது, அபாயமில்லாத தூசுக்குப் புழுவுக்குரிய சேதி போய்க்கொண்டிருப்பது. அவர்கள் பார்மசியில் போய் இமியூனிட்டி கூட்ட மருந்து கேட்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. நல்ல சாப்பாடு, நித்திரை, சிகரெட் இல்லாத நுரையீரல், நேரத்துக்குத் தடுப்பூசி: கலங்கள் தங்கள் வேலையைச் செய்ய இவை உண்மையில் உதவுகின்றன. கொத்தமல்லி தொண்டைக்கு இதம், குடியுங்கள். ஐஜிஜியை அது மாற்றாது.

ஊசி போட்ட கை ஏன் நோகிறது

தடுப்பூசி செய்வது இந்தச் சேதிப் பரிமாற்றத்தை நோயில்லாமல் நடத்திக்காட்டுவது. கிருமியின் துண்டை மட்டும் தனியே செலுத்தினால் பல நேரம் உடல் கண்டுகொள்ளாது. அபாயம் என்று சொல்லும் சேதி இல்லை. அதனால் பல ஊசிகளில் அலுமினிய உப்பு போன்ற ஒரு தூண்டுபொருளையும் சேர்க்கிறார்கள். 1920களிலேயே கண்டறிந்த முறை. ஊசி ஏறிய இடத்திலுள்ள கலங்கள் சைற்றோகைன்களை விடுகின்றன. கை வீங்குகிறது, நோகிறது, சிலருக்கு இரவு காய்ச்சல். அக்குளில் நெறி கட்டினால், பரீட்சை மண்டபம் திறந்துவிட்டது.

எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம், நாலாம், ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்க்கான ஊசியைப் போடுகிறோம். ஏன் ஒரே முறையில் முடிப்பதில்லை என்று தாய்மார் கேட்பார்கள். முதல் ஊசி நினைவுக்கலங்களை உண்டாக்குகிறது. இடைவெளியில் அவை கவ்வலை இறுக்கிக்கொள்கின்றன. அடுத்த ஊசியில் இறுக்கமானவை மீண்டும் பெருகுகின்றன.

தேறியவற்றில் ஒரு பங்கு, பிறபொருளெதிரியை மட்டும் செய்துகொண்டிருக்கும் கலங்களாக மாறி, நிணநீர்க் கணுவை விட்டுப் புறப்பட்டு என்பு மச்சைக்குத் திரும்புகின்றன. தங்கள் மூதாதை பிறந்த அதே இடம். அங்குள்ள அயற்கலங்கள் அவற்றுக்கு "சாகாதே" என்ற சேதியை வருடக்கணக்காகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1918 இன்புளுவென்சா பரவலின்போது சிறுபிள்ளைகளாக இருந்த 32 முதியவர்களின் இரத்தத்தைப் பார்த்தது. 90 வயது தாண்டியவர்கள். அந்தப் பழைய வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரி அவர்களிடம் இன்னும் இருந்தது.

கீழ் வீட்டுத் தம்பியின் என்பு மச்சையிலும் இப்போது அப்படிச் சில கலங்கள் குடியேறியிருக்கும். டெங்குவின் நாலு வகையில் இரண்டை அவன் உடல் அறிந்திருக்கலாம். மிச்சம் இருப்பவற்றை நினைத்து அக்கா இந்த முறை மழைக்கு முன்பே பூச்சாடித் தட்டுகளையெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டார். என் பல்கனியிலுள்ளவற்றையும் சேர்த்து.